குரலுக்கு ஓர் ஆள் தேவை

செந்தமிழ்செல்வன் நித்தியமங்களா கெமிக்கல்ஸை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. அவனுடைய குரல் மட்டும் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறது. அது லீவு எடுப்பதில்லை, டீ குடிக்கப் போவதில்லை, சங்கத்தில் சேர்வதில்லை. இப்படி ஒரு தொழிலாளி கிடைத்தால் எந்த நிர்வாகம்தான் விடும்?

கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறித் தூங்கிவிடலாம். எந்த இடத்தில் மூக்கு எழுப்பிவிடுகிறதோ அந்தச் சுற்றுவட்டாரம்தான். செல்வன் அங்கே பாதுகாப்புப் பிரிவில் இருந்தான். தொண்டை கணீரென்று இருக்கும். ஆபத்துக்கால அறிவிப்புக்கு ஒரு நல்ல குரல் தேவை என்று நிர்வாகத்துக்கு ஞானோதயம் வந்தபோது, அதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்கு ஆலோசனை சொல்ல இன்னொரு கமிட்டி போட்டார்கள். சென்னையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், குரலில் 'தாய்மை கலந்த கண்டிப்பு' இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார். கடைசியில் செல்வனைத்தான் கேன்டீன் ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நிற்கவைத்துப் பதிவு செய்தார்கள்.

"அன்பார்ந்த நித்தியமங்களா குடும்பத்தினரே! பயப்பட ஒன்றுமில்லை. இது வழக்கமான ஒத்திகைதான். கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு நிதானமாக வெளியே வாருங்கள்."

இது ஒத்திகைக்கு. நிஜமான ஆபத்துக்கு வேறு அறிவிப்பு வேண்டும் அல்லவா? அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அடுத்த கூட்டத்தில் 'விபத்து' என்ற சொல்லுக்கு ஆட்சேபம் வந்தது. 'கசிவு' என்றால் பேப்பர்காரன் வந்துவிடுவான் என்றார் ஒருவர். 'ஓடுங்கள்' என்று சொன்னால் தொழிலாளிகள் நிஜமாகவே ஓடிவிடுவார்களே, உற்பத்தி என்னாவது என்று கவலைப்பட்டார் இன்னொருவர். இப்படிச் சொல்லாராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் காலையில் மூன்றாவது ஷெட்டில் குழாய் வெடித்தது. கையில் இருந்த ஒரே அறிவிப்பைப் போட்டார்கள்.

பெரும்பாலானவர்கள் வாடை பிடித்தே ஓடிவிட்டார்கள். குமராட்சிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்துகொண்டிருந்த கண்ணாயிரம் மட்டும், "நம்ப செல்வண்ணன்தான்டா பேசுது, ஒத்திகையாம்" என்று சொல்லிவிட்டு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுத்தானே வரச் சொல்லியிருக்கிறார்கள். அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். இறந்தவர் 'அளவுக்கு மீறி அமைதி காத்ததே' இழப்புக்குக் காரணம் என்று விசாரணைக் குழு கண்டுபிடித்தது.

அந்த வாரமே செல்வன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

சிதம்பரம் வண்டிகேட் பக்கம் ஜான்சி என்கிற அம்மாள் தீயணைப்பு சிலிண்டர்களுக்கு மருந்து மாற்றிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். ஒற்றை ஷட்டர், ஒரு பழைய தராசு, பெட்டி கட்டிய ஒரு டூவீலர். ஜவுளிக்கடைக்காரர்களும் மண்டபத்துக்காரர்களும் வந்து, "மருந்தெல்லாம் மாத்த வேணாங்க்கா, புதுத் தேதி போட்டு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் குடுத்துடுங்க" என்பார்கள். ஜான்சி சுள்ளென்று விழுவார். "ஸ்டிக்கரு நெருப்ப அணைக்குமாய்யா? போய் வேற கட பாரு." கடை நொண்டியடித்ததற்கு இதுதான் காரணம். செல்வன் அங்கே ஒட்டிக்கொண்டதற்கும் இதுவேதான் காரணம்.

ஆனால் குரல் அவனை அங்கேயும் விடவில்லை. கண்ணாயிரம் செத்த பிறகு கம்பெனியில் ஒரு வழக்கம் வந்திருந்தது. ஸ்பீக்கரில் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. கரண்டியையும் ஸ்பேனரையும் போட்டது போட்டபடி, ஆண், பெண், சூப்பர்வைசர், வாட்ச்மேன், சுற்றுப்பட்டு ஊர் ஜனம் எல்லோரும் ஓட்டம்தான். இதைப் பார்த்து மெச்சி, மிக விரைவாக வெளியேறும் தொழிற்சாலை என்று கம்பெனிக்கு யாரோ ஒரு விருதும் கொடுத்துவிட்டார்கள். இது தெரியாத செல்வன் ஒரு கல்யாண மண்டபத்தில் சிலிண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, "பயப்பட ஒண்ணுமில்ல, மேல இருக்கற பின்ன இழுத்துட்டு அழுத்துங்க" என்று சொல்லிக் காட்டினான். சமையல்காரர் ஒருவர் ஜல்லிக்கரண்டியை எண்ணெயிலேயே போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் பறந்தார். விசாரித்தால், அவருக்குக் கம்பெனி மதிலை ஒட்டிய ஊர்.

அதற்குப் பிறகு செல்வன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். கடையில் சைகை, வீட்டில் 'ம்'. உண்மையைச் சொன்னால், அவனுக்குப் பயமாக இருந்தது. தான் எதைச் சொன்னாலும் கண்ணாயிரம் எங்கேயோ நின்றுகொண்டு அதை நம்பிக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்குத் தோன்றியது. கடையில் தனியாக இருக்கும்போது சில நேரம் திரும்பியும் பார்ப்பான்.

இந்த நிலைமையில்தான் அவன் மனைவி காயத்ரிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். புதுச்சேரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் செய்வார்கள், ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள், "என்னங்க, பயப்பட ஒண்ணுமில்லதானே?"

செல்வன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அந்த வார்த்தையை எப்படிச் சொல்வான்? அவள் பிறகு கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருந்தாள் என்பது வீடு முழுக்கத் தெரிந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது அவன் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம், செந்தமிழ்செல்வன் அவர்களே. நீங்கள் நலமா? உங்கள் குடும்பம் உங்களைத் தேடுகிறது."

செல்வனுக்குக் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. பேசியது அவன் குரல். பேச்சுக்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற பழக்கம் உட்பட அவனேதான்.

நித்தியமங்களாவை விட்டுப் பிரிந்தவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் 'தாய்மடித் திட்டம்' தொடங்கியிருப்பதாகக் குரல் சொன்னது. பழைய வேலை, கூடுதல் மரியாதை. குடும்பம் முழுக்க மருத்துவ அட்டை. அட்டையைக் காட்டினால் புதுச்சேரியின் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே படுக்கை. காயத்ரி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போய்த்தான் பாத்துட்டு வாங்களேன். பாக்கறதுல இன்னா இருக்கு?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

ஜான்சியிடம் மறைக்கவில்லை. "அக்கா, பழைய கம்பெனில கூப்புடறாங்க. காயத்ரிக்காக..." என்று இழுத்தான்.

"எனக்காகப் பாக்காத தம்பி. அந்த மாதிரி கார்டு நான் எங்கேந்து குடுப்பேன்? உம் பொண்டாட்டி உசுரு முக்கியம். போய் என்னா சொல்றாங்கன்னு கேட்டுனு வா" என்றார் ஜான்சி. சொல்லிவிட்டு வேண்டாத ஒரு சிலிண்டரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சிலம்பரசன் நின்றிருந்தான். பழைய சிநேகிதன். செல்வனைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனான்.

"இன்னாண்ணே, நெஜமாவே வந்துட்டியா? நீ உள்ளதான இருக்க."

சொல்லி வாய் மூடவில்லை, ஸ்பீக்கர் கரகரத்தது. "அன்பார்ந்த குடும்பத்தினரே! இன்று கேன்டீனில் புளிசாதம். அப்பளம் தீர்ந்துவிட்டது. நிர்வாகம் வருந்துகிறது." செல்வன் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"கம்ப்யூட்டரு உங்கொரல முழுசா கத்துக்கினுச்சுண்ணே. எங்க எல்லாருக்கும் பொறந்தநாளு வாழ்த்து நீதான் சொல்ற. எவனாச்சும் செத்தா எரங்கல் நீதான். எம்மச்சானுக்குப் போன் பண்ணி நாளையிலேந்து வேலைக்கு வராதன்னு சொன்னதும் நீதான். அவ்ளோ தன்மையா சொன்ன, அந்தக் கூமுட்ட தேங்க்ஸ் சொல்லிட்டு வச்சிட்டான்."

"கண்ணாயிரத்துக்கு..." என்றான் செல்வன்.

"வருசா வருசம் நெனவு நாளுக்கு நீதான் பேசற. நல்லாத்தான் பேசற" என்று சிலம்பரசன் தரையைப் பார்த்தான்.

மனிதவள மகிழ்ச்சிப் பிரிவின் துணைத்தலைவர் தில்லைநாதன் வரவேற்பறையிலேயே ஆலத்தித் தட்டுடன் காத்திருந்தார். பெரிய பதவிக்காரர். ஆலத்தி எடுக்க ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாய்மடித் திட்டத்தின் விதி, தாய் ஸ்தானத்தில் இருப்பவரே எடுக்க வேண்டும் என்கிறது. மீசையோடு குனிந்து செல்வனின் நெற்றியில் பொட்டு வைத்தார். பிறகு சால்வை. பிறகு 'பிரிவாற்றாமை நிமிடம்' என்று ஒன்று. அதில் போனவனும் இருந்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண் கலங்க வேண்டும். தில்லைநாதனுக்குப் பழக்கம் இருந்தது, உடனே கலங்கினார். செல்வனுக்கு வரவில்லை. "பரவால்ல, ஃபர்ஸ்ட் டைம் கஷ்டம்தான்" என்று தட்டிக்கொடுத்தார்.

"சார், எனக்கு என்ன வேலைங்க?"

"அதுக்கு முன்னாடி உங்க மேலதிகாரியப் பாத்துடுங்க" என்று அழைத்துக்கொண்டு போனார்.

ஏசி அறை. வாசலில் பித்தளைப் பலகை. 'குரல், முதுநிலை மேலாளர்' என்று எழுதியிருந்தது. உள்ளே தேக்கு மேஜை, சுழல் நாற்காலி, நாற்காலியின் மேல் கறுப்பாகச் சின்ன ஒரு ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று பின்னால் குஷன் வைத்திருந்தார்கள். சுவர் நிறையக் கேடயங்கள். சிறந்த ஊழியர், சிறந்த ஊழியர், சிறந்த ஊழியர்.

"ரெண்டு புரமோஷன் ஆயிடுச்சு. டிசிப்ளின்னா அதுதான் டிசிப்ளின்" என்றார் தில்லைநாதன் பெருமையாக. "உங்களையும் நாங்க கொற சொல்லல செல்வன். நீங்க வெலகிப் போனது உங்க தனிப்பட்ட பகுதி. உங்க நல்ல பகுதி எங்களோடதான் இருந்துச்சு."

"அப்ப என்னை எதுக்குங்க கூப்டீங்க?"

தில்லைநாதன் கதவைச் சாத்தினார். குரல் தாழ்ந்தது. "ஆடிட்ல ஒருத்தன் வந்து ஒரு சந்தேகம் கௌப்பிட்டான். இவ்ளோ அறிவிப்பு பண்றாரே இந்த முதுநிலை மேலாளர், நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கூண்டுல நிறுத்தறதுன்னு கேக்கறான். நியாயமான கேள்விதான? ஸ்பீக்கர எப்படி நிறுத்தறது? ஒயர் எட்டாது. அதனால குரலுக்கு ஒரு உடம்பு தேவைப்படுது. வெளியாள் போட்டா ஒட்டாது. நீங்கன்னா பொருத்தமா இருக்கும். வேலையே இல்லைங்க, சும்மா இருந்தாப் போதும். பேசறதெல்லாம் சார் பேசிக்குவாரு" என்று ஸ்பீக்கரைப் பவ்யமாகக் காட்டினார். "நாங்க எதையும் மறைக்கிறதில்ல பாருங்க. வெளிப்படைத்தன்மைதான் எங்க பலம்."

கூண்டில் நிற்கப்போவது தான்தான் என்று செல்வனுக்குப் புரிந்தது. எதிரே காயத்ரியின் முகம் வந்தது. மேஜைக்கு இந்தப் பக்கமிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஒரு சின்ன நேர்காணல், ஃபார்மாலிட்டி" என்று தில்லைநாதன் ஒரு பொத்தானை அழுத்தினார்.

"வணக்கம் செந்தமிழ்செல்வன் அவர்களே" என்றது நாற்காலி. "குடும்பத்தை விட்டு ஏன் போனீர்கள்?"

செல்வன் தில்லைநாதனைப் பார்த்தான். "சாருக்குப் பதில் சொல்லுங்க" என்றார் அவர்.

"கண்ணாயிரம் செத்துட்டான்" என்றான் செல்வன். எத்தனையோ நாள் கழித்து அவன் வாய்விட்டுச் சொன்ன முழு வாக்கியம் அது. "நான் சொன்னத நம்பி செத்துட்டான்."

ஸ்பீக்கர் மூக்கை உறிஞ்சியது. "மிகவும் வருந்துகிறேன். கண்ணாயிரம் நம் குடும்பத்தின் விலைமதிப்பற்ற உறுப்பினர். அவர் எப்போதும் நம்மோடு இருப்பார். நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை."

அது பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தப் போன தில்லைநாதன், பொத்தான் மாற்றி அழுத்திவிட்டார். கடைசி வாக்கியம் மட்டும் கம்பெனி முழுக்க, மதிலுக்கு வெளியேயும் முழங்கியது. அடுத்த கணம் நாலா பக்கமும் தடதடவென்று காலடி. ஷெட்டுகள் காலியாயின. கேன்டீனில் புளிசாதத் தட்டுகள் விழும் சத்தம் கேட்டது. தில்லைநாதன் ஜன்னலோரம் போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பிரமாதம்! நம்ம ரெக்கார்ட நாமளே முறியடிச்சிட்டோம்!" என்று கை தட்டிவிட்டுத் திரும்பினார். செல்வனின் நாற்காலி காலி.

செல்வனும் ஓடியிருந்தான். தன் குரலைக் கேட்டுத் தானே ஓடினான். கூட்டத்தோடு கூட்டமாக, சால்வை கழுத்தில் பறக்க, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து, சிதம்பரம் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டான். பின்னால் தில்லைநாதன் ஜன்னலிலிருந்து கத்தியது கேட்டது. "ஒண்ணும் பிரச்சன இல்ல செல்வன்! மத்த ஃபார்மாலிட்டியெல்லாம் நாங்களே முடிச்சுக்கறோம்! உங்களுக்கு எதுக்கு சிரமம்!"

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அவன் முடிவெடுத்துவிட்டான். போகப்போவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பது. காயத்ரியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. மனசு கொஞ்சம் லேசானது போல இருந்தது.

கடையில் ஜான்சி பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"எதுக்கு தம்பி மறுபடி வந்த? அதான் போன்லயே எல்லாத்தையும் சொல்லிட்டியே."

"நான் எதுவும் சொல்லலியேக்கா."

"அக்கா, இன்னியோட நிண்ணுக்கறேன், உங்கள மறக்க மாட்டேன்னியே. எல்லாரும் ஸ்டிக்கர் கேட்டப்ப நீங்க மருந்து மாத்துனீங்க, அதனாலதான் ஒங்ககிட்ட வேல பாத்தேன்னியே. மூணு வருசத்துல எங்கிட்ட நீ இந்த மாதிரி பேசுனதே இல்ல தம்பி."

செல்வன் அப்படி நினைத்தது உண்டு, பலமுறை. சொன்னதில்லை. அவன் பஸ்ஸில் வருவதற்குள் கம்பெனியிலிருக்கும் அந்தக் குரல் முந்திக்கொண்டு போனில் சொல்லிவிட்டிருக்கிறது. அவன் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறி விளக்கினான். ஜான்சி கேட்டுவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"ஒன் எடம் ஒனக்கு எப்பவும் இருக்கு. ஆஸ்பத்திரில வரிசைல நிக்கணும்னா கடைய மூடிட்டு நான் வந்து நிக்கறேன். மொதல்ல வீட்டுக்குப் போ. அது அங்கயும் போன் பண்ணிருக்கப் போவுது."

செல்வன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. காயத்ரி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நாள் கழித்து அவள் முகத்தில் ரத்தம் ஓடியது போல இருந்தது.

"வாங்க. இன்னிக்கு மத்தியானம்தான் நல்லாத் தூங்குனேன்" என்றாள். "நீங்க பேசுன பெறகு."

"காயத்ரி, அது நான் இல்ல."

அவன் சொன்னான். நாற்காலியை, குஷனை, கூண்டை, எல்லாவற்றையும் சொன்னான். பழக்கம் விட்டுப்போன நாக்கு திக்கியது. நடுவில் கண்ணாயிரம் வந்தான், வரிசை மாறிப்போனது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மிஷினுதானாங்க அது?"

"ஆமா."

"மிஷினாவே இருக்கட்டுங்க. பேர் சொல்லிக் கூப்டுச்சு. பயப்பட ஒண்ணுமில்ல காயத்ரி, நான் இருக்கேன்னு சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான நான் இவ்ளோ நாளா ஒங்க மூஞ்சியப் பாத்துனு கெடந்தேன்." குரல் உடைந்தது. "இப்ப நீங்க சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா எத்தினி நாளு வேணாலும் வரிசைல நிக்கறேன். எந்தக் கம்பெனியும் வேணாம்."

நியாயமான பேரம்தான். இவ்வளவு மலிவாக யாரும் அவனை விடுவித்திருக்க மாட்டார்கள். செல்வன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தான். வாயைத் திறந்தான். மூன்றாவது ஷெட்டில் ஒருவன் வால்வைத் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்குப் பயமா இருக்கு காயத்ரி" என்றான் செல்வன். "ரொம்பப் பயமா இருக்கு."

காயத்ரி அவனைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, அழுகிற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அப்போது அவள் மடியிலிருந்த செல்போன் அடித்தது. மத்தியானம் வந்த நம்பரை அவள் 'அவரு' என்று பதிந்து வைத்திருந்தாள். திரையில் அது மின்னியது.

அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "செத்த இருங்க, அவரு பேசறாரு" என்று செல்வனைக் கையமர்த்திவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூச்சு சீராக வந்தது.

"ம்... சரிங்க" என்றாள். "இங்கதான் ஒக்காந்திருக்காரு. திங்கக்கெழம காலையில அனுப்பி வெக்கறேன்."